கட்டிலுக்கு மேலே எந்தக் கதை?

இத்தாலியின் நேப்பிள்ஸில் நானும் அம்மாவும் தங்கிய ஹோட்டலில் அறைகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். அரியாட்னி, பெர்செபோனி, நவ்சிகா, ஹெர்மிஸ் என்று ஒவ்வொரு கதவிலும் சின்னப் பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கும். பழைய நகரத்தில் ட்ரிபுனாலி தெருவை ஒட்டிய ஒரு சந்துக்குள், முற்றம் வைத்துக் கட்டிய பழைய மாளிகையின் மேல் மாடிகளில் சின்னதாக நடத்துகிறார்கள். ஓர் அறைக்கு ஒரு சுவர், ஒரு சுவருக்கு ஒரு கிரேக்கக் கதை. எதுவும் அச்சடித்து ஒட்டிய வால்பேப்பர் இல்லை. ஓர் உள்ளூர் ஓவியர் கையால் வரைந்தவை. வாடகை எங்கள் பட்ஜெட்டைவிடக் கொஞ்சம் கூடத்தான். அந்தச் சுவர்களுக்காகவே அங்கே அறை போட்டேன்.

ஏனென்றால் சுவரில் வரைவதுதான் என் பிழைப்பு. சென்னையிலும் புதுச்சேரியிலும் ஹோட்டல்கள், உணவகங்கள், அவ்வப்போது கல்யாண மண்டபங்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்த சுவர் முன்னால் சாரத்தில் நிற்கிற நேரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம். எங்கள் தொழிலில் 'கிரீக் தீம்' என்று ஒன்று புழங்குகிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த தூண்கள், தங்க வண்ணம் தடவிய இலை வளையம், மூலையில் கை இல்லாத ஒரு வெள்ளைப் பெண் சிலை. கதை கிடையாது. அந்தத் தூணுக்குப் பின்னால் யார் நின்றார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்பார் இல்லை. கதையோடு ஒருவர் செய்திருக்கிறார் என்றதும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வரவேற்பறையில் நுழைந்ததும் மேசைக்குப் பின்னால் பெரிய சுவர். ஒரு குடிசை, ஒரு கிழவர், ஒரு கிழவி, வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு வழிப்போக்கர்கள், ஓடுகிற ஒரு வாத்து. பாசிஸ், ஃபிலமோன் கதை. ஒவிட் என்ற ரோமானியக் கவிஞர் சொன்னது. ஜூபிட்டர், மெர்க்குரி என்ற இரண்டு கடவுள்கள் சாதாரண மனிதர் வேடத்தில் ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். ஆயிரம் வீட்டில் கதவைச் சாத்துகிறார்கள். இந்த ஏழைக் கிழத் தம்பதி மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இருக்கிற கீரையையும் உப்புக்கண்டத்தையும் சமைத்துப் போடுகிறார்கள். ஊற்ற ஊற்ற வைன் ஜாடி குறையாததைக் கண்டு பயந்துபோய், வீட்டில் இருக்கும் ஒரே வாத்தையும் அடித்துச் சமைக்கத் துரத்துகிறார்கள். அது ஓடிப்போய்க் கடவுள்களின் காலடியிலேயே ஒளிந்துகொள்கிறது.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. மேசைக்கு ஒரு கால் குட்டை, ஆடுகிறது. கிழவி உடைந்த பானை ஓட்டை அந்தக் காலுக்குக் கீழே சொருகிச் சமன் செய்கிறாள். இந்தச் சுவரில் அந்த ஓடு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. செங்கல் நிறத்தில், விரல் நீளத்தில், விளிம்பில் வெளிச்சம் பட்ட மாதிரி ஒரு மஞ்சள் கோடு. அந்த ஓட்டைப் பார்த்த நிமிஷமே அந்த ஓவியர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடவுளின் தாடியை யாரும் வரைந்துவிடலாம். ஓட்டை மறக்காமல் வரைகிறவர் கதையைப் படித்தவர்.

இத்தாலியில் தங்க வருகிறவர்களின் விவரத்தை ஹோட்டல்காரர்கள் போலீஸுக்குப் பதிவு செய்தாக வேண்டும். அதனால் எங்கே போனாலும் முதலில் பாஸ்போர்ட்தான். இந்த ஹோட்டலை நடத்துகிற அம்மாள் முதலில் அம்மாவை உட்காரவைத்து, எலுமிச்சை பிழிந்த தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் பாஸ்போர்ட் கேட்டார். ட்ராய் போர் முடிந்து வீடு திரும்பும் வழியில் கடலில் அலைந்த ஒடிசியஸ் கதையில் ஃபியேசியர் நாட்டு அரசன் இப்படித்தான் செய்கிறான். கடலில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவனுக்குச் சாப்பாடு போட்டு, பாட்டுக் கேட்கவைத்து, பரிசுகளும் கொடுத்த பிறகே "நீ யார்?" என்று கேட்கிறான்.

எங்களுக்குக் கிடைத்தது அரியாட்னி அறை. கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, சுவர் முழுவதும் நாக்ஸோஸ் தீவின் கடற்கரை. அரியாட்னி அப்போதுதான் கண் விழித்திருக்கிறாள். ஒரு கையை மணலில் ஊன்றிப் பாதி எழுந்திருக்கிறாள். சுவரின் வலது ஓரத்தில், ஜன்னல் சட்டத்தை ஒட்டி, தீசியஸின் கப்பல். பாய் மட்டும்தான் தெரிகிறது. காளைத் தலை கொண்ட மினோட்டாரைக் கொல்லவும் அது அடைபட்டிருந்த சிக்கல் மாளிகையிலிருந்து வெளியே வரவும் நூல்கண்டு கொடுத்து உதவியவளைத் தூங்கும்போது விட்டுவிட்டு அவன் போய்க்கொண்டிருக்கிறான்.

அம்மா செருப்பைக் கழற்றியதும் அதைத்தான் கேட்டார். "யாருடி இந்தப் பொண்ணு, தனியா கெடக்கா?" கதையைச் சொன்னேன். அம்மா முப்பது வருஷத்துக்கும் மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், கதையைப் பாதியில் விடமாட்டார். "அப்புறம்?" என்றார். அப்புறம் வைன் கடவுள் டயோனிசஸ் வருகிறான், அவளைக் கண்டு கல்யாணம் செய்துகொள்கிறான், அவள் கிரீடத்தை வானத்தில் நட்சத்திரமாக வைக்கிறான் என்றேன். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ விட்டுட்டுப் போனவனை எதுக்கு வரையணும்? வரப்போறவனை வரையலாமேடி. தூங்குற எடத்துல இதையா வைப்பாங்க?"

என் தொழிலின் பாதிக் கேள்வி அதுதான். கதை எது என்பது ஒரு முடிவு. கதையில் எந்த நொடி என்பது அதைவிடப் பெரிய முடிவு. ஒரே அரியாட்னி, ஒரே மணல், ஒரே கடல். பத்து நிமிஷம் முன்னால் வரைந்தால் துரோகம், ஒரு மணி நேரம் கழித்து வரைந்தால் கல்யாணம். நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில், வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த பழைய ரோமானிய ஊர்களான பாம்பேயிலிருந்தும் ஹெர்குலேனியத்திலிருந்தும் வெட்டி எடுத்து வந்த சுவர்ப் படங்களில், கப்பலைப் பார்த்து அழும் அரியாட்னி திரும்பத் திரும்ப வருகிறாள். பழைய ஆட்களுக்கும் அந்த நொடிதான் பிடித்திருக்கிறது. ஆனாலும் அம்மா சொன்னது என்னைவிட்டுப் போகவில்லை. பாம்பேக்குப் போனதும் அதற்குப் பதில் கிடைத்தது.

அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். இந்தக் கதைகள் நேப்பிள்ஸுக்கு ஒட்டவைத்தவை இல்லை, ஊரே ஒரு கதையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒடிசியஸைப் பாட்டால் மயக்க முடியாமல் கடலில் விழுந்து செத்த, பாடி மயக்கிக் கப்பலோட்டிகளைக் கொல்லும் சைரன்களில் ஒருத்தியான பார்த்தெனோப்பியின் உடல் கரை ஒதுங்கிய இடம் இது என்பார்கள். இன்றைக்கும் நேப்பிள்ஸ்காரர்களைப் பார்த்தெனோப்பியர் என்றே சொல்வதுண்டு. ஸ்பினகொரோனா என்ற சின்ன நீரூற்றைத் தேடிப் போய்ப் பார்த்தோம். வெசுவியஸ் மலை மேல் சைரன் நிற்கிறாள், அவள் மார்பிலிருந்து வழியும் தண்ணீர் எரிமலையின் நெருப்பை அணைக்கிறது. மீன் வால் இல்லை, சிறகும் பறவைக் காலும்தான். கிரேக்கர்கள் சைரனை அப்படித்தான் நினைத்தார்கள். வால் பின்னால் வந்தது. இப்போது அங்கே நிற்பது நகல், அசல் சிலை சான் மார்ட்டினோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் சந்திலிருந்து நடந்தால் சான் பாவ்லோ மஜோரே தேவாலயம். அதன் வாசலில் இரண்டு பெரிய கொரிந்தியத் தூண்கள் எதையும் தாங்காமல் நிற்கின்றன. அவை காஸ்டர், பொலக்ஸ் என்ற இரட்டையருக்குக் கட்டிய ரோமானியக் கோவிலின் மிச்சம். முகப்பு முழுவதும் தூண்களாக இருந்தது. 1688 நிலநடுக்கத்தில் மற்றவை விழுந்துவிட்டன. காய்கறிப் பையோடு ஜனங்கள் அந்தத் தூணைக் கடந்து போகிறார்கள். பிளாஸ்டர் தூண் கேட்கும் என் வாடிக்கையாளர்களை ஒரு முறை இங்கே கூட்டி வந்து காட்டவேண்டும்.

ஹோட்டலின் காலை உணவு அறையில் இடுப்பளவு உயரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று சுவர் முழுவதும் ஓடுகிறது. அதில் சிறகு முளைத்த குழந்தைகள் மாவு பிசைகின்றன, ரொட்டி சுடுகின்றன, காப்பி வடிக்கின்றன. அம்மாவுக்கு அந்த அறைதான் பிடித்தது. அது எங்கிருந்து வந்த யோசனை என்று கேட்டதும் அந்த அம்மாள், "பாம்பேயில் வெட்டிகளின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்" என்றார்.

நேப்பிள்ஸிலிருந்து சிர்கும்வெசுவியானா ரயிலில் பாம்பே ஸ்காவி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே நுழைவாயில். வெட்டிகளின் வீடு 1894-96-இல் தோண்டி எடுத்தது. நீண்ட காலம் பழுது பார்த்து 2023 ஜனவரியில்தான் முழுதாகத் திறந்தார்கள். அவ்லஸ் வெட்டியஸ் கொன்விவா, அவ்லஸ் வெட்டியஸ் ரெஸ்டிட்யூட்டஸ் என்ற இருவர் வாழ்ந்த வீடு. அடிமைகளாக இருந்து விடுதலையாகி, கையில் காசு சேர்ந்து, ஊரில் பெயர் வாங்கியவர்கள். வாசலிலேயே செழிப்பின் கடவுள் பிரையாபஸ். தன் ஆணுறுப்பைத் தராசின் ஒரு தட்டிலும் காசுப் பையை மறு தட்டிலும் வைத்து எடை போடுகிறான். அம்மா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "திருஷ்டிக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், கண்ணேறும் கழியவேண்டும், செல்வமும் கொழிக்கவேண்டும். ரெண்டுக்கும்தான்.

உள்ளே பெரிய அறையில் அந்தக் கறுப்புப் பட்டை. சிறகுக் குழந்தைகள் வாசனைத் தைலம் காய்ச்சுகின்றன, நகை செய்கின்றன, துணி வெளுக்கின்றன, பூ கட்டுகின்றன, வைன் விற்கின்றன. சிவப்புச் சுவருக்கு அடியில் அந்தக் கறுப்பு எவ்வளவு பளபளப்பாக நிற்கிறது என்று புகைப்படத்தில் தெரியாது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் தோளில் ஒரே ஒரு வெள்ளைத் தீற்றல். பிரஷ்ஷைத் திரும்ப எடுக்கவே இல்லை. கை அவ்வளவு பழகிய ஆள்.

நான் நின்றுவிட்ட இடம் வேறு. விருந்தினரை உட்காரவைத்த இரண்டு அறைகள். ஒன்றில் இக்ஸியான் சக்கரத்தில் கட்டுண்டு கிடக்கிறான், கொல்லர் கடவுள் ஹெஃபிஸ்டஸ் சக்கரத்தைப் பிடித்திருக்கிறான், ஸீயஸின் மனைவி ஹீரா பார்த்துக்கொண்டிருக்கிறாள். இக்ஸியான் செய்த குற்றம் என்ன? கடவுள்களின் அரசரான ஸீயஸ் அவனைத் தன் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார். வந்த இடத்தில் அவர் மனைவி மேலேயே கண் வைத்தான். இன்னொரு அறையில் தீப்ஸ் அரசன் பெந்தியஸை அவன் தாயும் பெண்களும் சூழ்ந்து கொல்கிறார்கள். அவன் செய்தது? தன் ஊருக்கு வந்த டயோனிசஸை அடையாளம் காணாமல் அவமதித்து விரட்டப் பார்த்தான். முதல்வன் கெட்ட விருந்தாளி, இரண்டாமவன் கெட்ட வீட்டுக்காரன். சாப்பிட வருகிறவர் படுத்துக்கொண்டே சாப்பிடும்போது கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறார்கள்! வீட்டின் உரிமையாளர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்களா என்று எழுதிவைத்த ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் சுவரில் படம் வைக்கிறவளாகச் சொல்கிறேன், இப்படிப் பொருந்துவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

2024-இல் பாம்பேயின் ஒன்பதாம் பகுதியில் ஒரு கறுப்பு விருந்து மண்டபம் கிடைத்தது. ஏறக்குறைய 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். விளக்குப் புகை படிவது தெரியாமல் இருக்கச் சுவரைக் கறுப்பாக அடித்திருப்பார்கள் என்கிறார்கள் தொல்லியலாளர்கள். அந்தக் கறுப்பின் நடுவே ட்ராய் இளவரசன் பாரிஸ் முதன்முதலாக ஹெலனைச் சந்திக்கிறான். அவனும் விருந்தாளிதான்! மெனலாஸ் வீட்டில் உண்டு, மெனலாஸின் மனைவியோடு கப்பலேறியவன். ட்ராய் எரிந்ததன் தொடக்கம் ஒரு விருந்து. படத்தை நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் விளக்கு ஆடும்போது, வைனும் உள்ளே போன பிறகு, அந்த உருவங்கள் அசைந்திருக்கும். அப்போது மேசையில் பேச்சு எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இக்ஸியானின் அறையிலேயே, அடுத்த சுவரில், அம்மாவுக்கான பதில் இருந்தது. அரியாட்னி தூங்குகிறாள். டயோனிசஸ் வந்து நிற்கிறான். அவள் இன்னும் பார்க்கவில்லை. "இதைத்தாண்டி சொன்னேன்" என்றார் அம்மா. அந்த வீட்டில் எனக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

பாம்பேயில் இன்னோர் இடத்தைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். 'வேலை செய்துகொண்டிருந்த ஓவியர்களின் வீடு' என்றே அதற்குப் பெயர். கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தபோது அங்கே ஒரு பெரிய அறையில் சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. மேல் பாதி முடிந்திருக்கிறது, கீழ்ப் பாதி இல்லை. நடுவே கதைப் படத்துக்காக விட்ட இடத்தில் வெறும் கோடுகள். வண்ணக் கிண்ணங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். 2024 முதல் மேலே கட்டிய இரும்பு நடைபாதையிலிருந்து அந்தப் பகுதியைப் பார்க்கலாம். மேலிருந்து கீழே வருவது, ஓரத்தை முடித்து நடுவுக்குப் போவது, ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வண்ணத்தை ஏற்றுவது: வரிசை அப்படியே எங்கள் வரிசை. சுண்ணாம்பு மட்டும் எங்களுக்குப் போய்விட்டது, எமல்ஷன் வந்துவிட்டது. நடுப்படம் வரைகிறவரும் சுற்றுச் சுவர் வரைகிறவரும் வேறு வேறு ஆட்கள். கி.பி. 301-இல் டயோகிளீஷியன் பேரரசர் போட்ட விலை ஆணையில் அவர்களுக்கான கூலி இருக்கிறது: சுவர் வண்ணக்காரருக்கு நாளுக்கு 75 டெனாரியஸ், உருவம் வரைகிறவருக்கு 150, இருவருக்கும் சாப்பாடு உண்டு. உருவத்துக்கு இரண்டு மடங்கு. சென்னையில் நான் கொட்டேஷன் கொடுக்கும்போது இனி இதைச் சொல்லலாம் என்று அம்மா யோசனை சொன்னார்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் சொல்கிற இன்னொன்று. விலை கூடிய வண்ணங்களை ஒப்பந்தத்தில் சேர்க்கமாட்டார்களாம், வீட்டுக்காரரே வாங்கிக் கொடுக்கவேண்டும். சின்னபார் என்ற ரசச் சிவப்பு அந்த வகை. ஃபேபரியஸ் என்ற ஓர் அரசு எழுத்தர் ஆசைப்பட்டு அவென்டைன் குன்றில் தன் வீட்டுத் திறந்த தாழ்வாரத்துக்கு அதை அடிக்கச் செய்தார். முப்பது நாளில் வெயில் பட்டுத் திட்டுத்திட்டாகக் கறுத்துப்போனது, வேறு வண்ணம் அடிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையை ஈ.சி.ஆர். பக்கம் வெளிச் சுவருக்கு அடர் சிவப்பு கேட்கிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லத்தான் போகிறேன்.

அருங்காட்சியகத்தில் நாள் முழுக்க நின்றாலும் போதாது. எனக்கு இரண்டு போதும். ஒன்று ஃபார்னேசி ஹெர்குலிஸ். 1546-இல் ரோமில் கரகல்லாவின் குளியல் மண்டபத்தில் கிடைத்தது, ஏதென்ஸின் கிளைக்கன் என்று சிற்பி பெயர் வெட்டியிருக்கிறது, மூன்று மீட்டருக்கு மேல் உயரம். முன்னால் நின்றால் களைத்துப்போய்த் தடியில் சாய்ந்திருக்கும் ஒரு பெரிய மனிதன். ஏன் களைப்பு என்று தெரிய வேண்டுமானால் பின்னால் சுற்றிப் போகவேண்டும். முதுகுக்குப் பின்னால் கையில் ஹெஸ்பரிடிஸ் தோட்டத்து ஆப்பிள்கள். அவனுக்கு இட்ட பன்னிரண்டு வேலைகளில் கடைசிகளில் ஒன்று முடிந்துவிட்டது. பார்க்கிறவரை நடக்கவைத்துக் கதை சொல்லும் சிலை. மற்றது துயரக் கவிஞரின் வீட்டிலிருந்து வந்த இஃபிஜினியா படம். ட்ராய் போருக்குக் கப்பல்கள் கிளம்பக் காற்று வேண்டி மகளைப் பலி கொடுக்கத் தூக்கிப் போகிறார்கள். தகப்பன் அகமெம்னான் ஓரத்தில் நின்று துணியால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறான். அந்த முகத்தை வரைய முயலாமல் விட்ட ஓவியரைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

கடைசி நாள் மாலை, ஆள் இல்லாத அறைகளை அந்த அம்மாள் எனக்குத் திறந்து காட்டினார். நவ்சிகா அறை மொட்டை மாடியை ஒட்டியது, வெளியே துணி காயும் கயிறு. ஆற்றில் துணி துவைக்கப் போன இடத்தில் கரை ஒதுங்கிய ஒடிசியஸைக் கண்டு, தோழிகள் ஓடினாலும் தான் ஓடாமல் நின்ற பெண் அவள். துவைத்த துணிகளைப் பாறை மேல் விரித்துப் போட்டிருக்கிறார் ஓவியர், ஜன்னலுக்கு வெளியே நேப்பிள்ஸின் துணிகள். இடத்தைப் பார்த்துக் கதை எடுத்திருக்கிறார். பெர்செபோனி அறை உள்பக்கம், முற்றத்தின் வெளிச்சம் மட்டும் வரும். பாதாளத்தின் அரசன் தூக்கிப்போன பெண் பெர்செபோனி, அங்கே விருந்தாளியாக மாதுளை விதைகளைச் சாப்பிட்டதால் வருஷத்தில் ஒரு பகுதி அங்கேயே இருக்க வேண்டி வந்தவள். அவளைத் தூக்கிப் போகும் காட்சி அங்கே இல்லை. அவள் படியேறி வருகிறாள், மேலே தாய் டிமீட்டர் கை நீட்டி நிற்கிறாள். இருட்டான அறையை வெளிச்சத்துக்கு ஏறும் கதையாக மாற்றிவிட்டார்கள்.

ஏன் தூக்கிப் போகும் காட்சி இல்லை என்று கேட்டேன். அதுதானே எல்லோரும் செதுக்கியது, வரைந்தது. அவர் யோசித்துச் சொன்னார்: ஓவியர் முதலில் கொண்டுவந்த பட்டியலில் லீடா, டாஃப்னி, யூரோப்பா என்று கடவுள்கள் துரத்திய பெண்களின் கதைகள் எல்லாம் இருந்தன. லீடாவும், அன்னமாக வந்த ஸீயஸும் பாம்பேயில் 2018-இல் ஒரு படுக்கையறைச் சுவரில் கிடைத்த படம், அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனாலும் தூங்குகிற அறையில் துரத்தப்படும் பெண்ணோ பிடிக்கப்படும் பெண்ணோ வேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். தனியாக வந்து தங்கும் பெண்கள் அதிகம், இரவில் விளக்கை அணைக்கும்போது கடைசியாக அவர்கள் கண்ணில் அது படக்கூடாது. அப்போலோவிடமிருந்து தப்பிக்க மரமாக மாறிய டாஃப்னி மட்டும் படிக்கட்டில் இருக்கிறாள், முழுக்க மரமான பிறகு, அப்போலோ இல்லாமல்.

இதைப் பழமையான படங்களைத் தணிக்கை செய்வதாகச் சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அருங்காட்சியகம் வேறு, கட்டில் வேறு. வெட்டிகள் தங்கள் விருந்து அறைக்குக் கதையைப் பொறுக்கி எடுத்த மாதிரி இவரும் எடுத்திருக்கிறார். ஹோட்டலுக்குக் கிரேக்கக் கதை வேண்டுமென்றால் அந்தக் கதைக் குவியலில் வேண்டிய அளவு விருந்தாளிக் கதைகளே இருக்கின்றன. ஸீயஸுக்கே விருந்தாளிகளின் காவலர் என்று ஒரு பட்டம் உண்டு. நல்ல வீட்டுக்காரருக்கு பாசிஸ், கொடியவனுக்கு ப்ரொக்ரஸ்டிஸ். ஏதென்ஸுக்கும் எலூசிஸுக்கும் நடுவே வழிப்போக்கர்களைக் கூப்பிட்டுத் தன் கட்டிலில் படுக்கவைப்பான். கட்டிலைவிடக் குட்டையானவரை இழுப்பான், நெட்டையானவரை வெட்டுவான். (அவன் கதை எந்த அறையிலும் இல்லை என்று அம்மா உறுதி செய்துகொண்டார்.) தூணும் இலை வளையமும் இதில் எதையும் சொல்வதில்லை. இந்த ஹோட்டலிலும் லிஃப்ட் வாசலில் தங்க வண்ணம் தெளித்த ஒரு பிளாஸ்டர் அப்போலோ நிற்கிறார். அத்தனை சுவர்களுக்கும் நடுவே அது மட்டும் கடையில் வாங்கியது என்பது பார்த்ததுமே தெரிகிறது. எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அந்த அம்மாளின் கணவர் வாங்கியதாம்.

அரியாட்னி பற்றியும் சொன்னேன், அம்மா கேட்ட கேள்வியை அப்படியே. அவர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு இடது பக்கம் ஒன்றரை அடி சுவர் வெறுமையாக இருக்கிறது, அங்கே டயோனிசஸின் தேரை இழுக்கும் சிறுத்தைகளில் ஒன்றின் முகம் மட்டும் எட்டிப் பார்க்கும்படி வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். நான் ஒரு தாளில் பென்சிலால் போட்டுக் காட்டினேன். கப்பல் ஒரு பக்கம் போகிறது, சிறுத்தை மறுபக்கம் வருகிறது, நடுவில் அவள். ஓவியருக்கு அனுப்புவதாகச் சொல்லித் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். பாம்பேயில் எல்லா வீடுகளையும் ஒரே நாளில் திறந்து வைப்பதில்லை, போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிகளின் வீட்டுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள், கூட்டம் வந்தால் கறுப்புப் பட்டை அருகே நிற்க முடியாது.

புதுச்சேரியில் எனக்கு ஒரு சின்ன ஹோட்டல் வேலை வந்திருக்கிறது, பன்னிரண்டு அறைகள். எந்தப் படம் வேண்டும் என்று நான் இன்னும் கேட்கவில்லை. எந்த அறையில் காலை வெயில் வரும், எதில் குழந்தைகளோடு தங்குவார்கள், எதற்கு ஜன்னல் இல்லை, சாப்பாட்டு அறையில் ராத்திரி எத்தனை மணிவரை உட்காரலாம் என்று ஒரு பட்டியல் கேட்டு அனுப்பியிருக்கிறேன். உரிமையாளர் குழம்பிப்போய் போன் செய்தார். வரும் மாதம் சாரம் கட்டுகிறோம். படிக்கட்டுச் சுவருக்கு மட்டும் இன்னும் கதை கிடைக்கவில்லை.